நானூறு அடிக்குக் கீழே: கொங்கு வானில் ஹெலிகாப்டரும் ட்ரோனும்

கேள்வி

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சோமனூர் ஏறத்தாழ 9 கி.மீ., பல்லடம் 14 கி.மீ., திருப்பூர் நகரம் 22 கி.மீ. தளத்துக்கு மேற்கே 13 கி.மீ. தொலைவில் பீளமேட்டில் கோவை விமான நிலையம். தேஜஸ் போர் விமானங்களின் முதல் அணி 2018இல் சூலூருக்கு வந்தது. ஹெலிகாப்டர் சாகசக் குழுவான ‘சாரங்’ இங்கிருந்துதான் இயங்கியது. காட்டுத்தீ, வெள்ளம், நிலச்சரிவு என்று எது நேர்ந்தாலும் எம்.ஐ-17 ரக ஹெலிகாப்டர்கள் கிளம்புவதும் இங்கிருந்துதான். விசைத்தறிக் கூடங்களுக்கும் கறிக்கோழிப் பண்ணைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் மேலே உள்ள இந்த வானம் ஏற்கெனவே போக்குவரத்து மிகுந்தது.

கடந்த பத்தாண்டுகளில் இதன் அடித்தளத்தில் இன்னொரு கூட்டம் குடியேறியிருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு மேலே வீடியோகிராபரின் ட்ரோன் சுற்றுகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘ஹெலிகேம்’. வீட்டுமனை விளம்பரம், ஏற்றுமதி நிறுவனத்தின் அறிமுகப் படம், அவிநாசித் தேரோட்டம், அலகுமலை ஜல்லிக்கட்டு என்று எதுவும் இன்று மேலிருந்து ஒரு காட்சி இல்லாமல் முடிவதில்லை. அரசும் இதில் பின்தங்கவில்லை. 2020 ஏப்ரல் ஊரடங்கின்போது, ட்ரோனைக் கண்டதும் கேரம் போர்டைத் தூக்கித் தலைக்கு மேல் மறைத்துக்கொண்டு ஓடிய இளைஞர்களின் காட்சியைத் திருப்பூர்க் காவல்துறை வெளியிட, நாடே பார்த்துச் சிரித்தது. 2022 ஜனவரியில் அவிநாசி அருகே பாப்பாங்குளத்துச் சோளக்காட்டில் புகுந்த சிறுத்தையை வனத்துறை தேடியபோதும் ட்ரோன் பறந்தது.

ஆளுள்ள ஹெலிகாப்டரும் ஆளில்லா ட்ரோனும் ஒரே அடுக்கில் பறக்கும் இந்த நிலையில், இப்போதைய விதிகள் யாரை யாரிடமிருந்து காக்கின்றன என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. வானத்து நெரிசல் எங்கும் சீராகப் பரவிக் கிடக்கிறது என்ற எண்ணத்தில் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆபத்தோ குறிப்பிட்ட சில நிகழ்வுகளில் மட்டும் திரள்கிறது. என் வாதம் இவ்வளவுதான்.

வட்டமும் கூரையும்

2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்தன. பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். செயல்படும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையான வளையத்தில் இந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. அதற்கும் உள்ளே வந்தால் அனுமதி வேண்டும். முந்தைய ஏற்பாட்டில் மஞ்சள் வளையம் 45 கி.மீ. வரை நீண்டிருந்தது, தொழிலை வளர்க்கும் நோக்கில் அது 12 கி.மீ. ஆகச் சுருக்கப்பட்டது.

சூலூருக்கும் இதே அளவுகோலைப் பொருத்திப் பார்த்தால் சோமனூர் வளையத்துக்குள் வருகிறது, பல்லடம் விளிம்பில் நிற்கிறது, திருப்பூர் நகரம் வெளியே போய்விடுகிறது. (துல்லியமான எல்லையை அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ ட்ரோன் இணையதளத்தின் வரைபடமே முடிவு செய்யும்.) பழைய 45 கி.மீ. வட்டத்தில் பீளமேட்டிலிருந்து 34 கி.மீ. தொலைவிலுள்ள திருப்பூர் முழுமையாக அடங்கியிருந்தது. தொழில் நகரம் ஒன்றுக்கு இந்தத் தளர்வு நியாயமானதுதான். 45 கி.மீ. தள்ளி ஒரு மண்டபத்துக்கு மேலே 100 அடியில் பறக்கும் கேமராவால் பயணிகள் விமானத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை.

ஆனால் வட்டம் போட்டுக் காக்கும் முறை பயணிகள் விமானத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. இறக்கை விமானம் ஓடுபாதையின் அருகில் மட்டுமே தாழப் பறக்கும். ஆகவே ஓடுபாதையைச் சுற்றி வளையம் இட்டால் வேலை பெருமளவு முடிந்துவிடும். ஹெலிகாப்டரின் பயனே ஓடுபாதை இல்லாத இடத்தில் தாழ இறங்குவது. பல்லடத்துப் பொட்டல்காடு, பள்ளி மைதானம், அணைக்கட்டின் நீர்ப்பரப்பு ஆகிய எதுவும் அன்றைக்கு மட்டும் விமான நிலையமாக மாறலாம். எந்த வரைபடத்திலும் அதற்கு வளையம் கிடையாது.

இரண்டாவது அரண் உயரம். பகலில் கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானி, நெரிசலற்ற பகுதியில் பொதுவாக 500 அடிக்குக் குறையக் கூடாது என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. ஊர்களுக்கு மேலே 1,000 அடி. ட்ரோனுக்கு 400, ஹெலிகாப்டருக்கு 500 என்றால் நடுவே மிஞ்சுவது 100 அடி, சுமார் 30 மீட்டர். இறங்கும்போதும் ஏறும்போதும் அதுவும் இல்லை. மீட்புப் பணியில் அந்தக் கீழ்வரம்புக்கே இடமில்லை.

உயரத்தை இருவரும் ஒரே விதமாக அளப்பதும் இல்லை. ட்ரோன் தன் திரையில் காட்டுவது, தான் கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை. ஹெலிகாப்டரின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்துக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. சிவன்மலை உச்சியிலிருந்து ஒருவர் ட்ரோனைக் கிளப்பி மலையடிவாரத்துக்கு மேலே நகர்த்தினால் திரையில் 300 அடி என்றே காட்டும். கீழே நிலத்திலிருந்து அது வேறொரு உயரம். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகள் இன்னொரு சிக்கல். புதிய காற்றாலைகளின் இறக்கை நுனி 400 அடியைத் தாண்டுகிறது. அதை ஆய்வு செய்யும் ட்ரோன் மேலே போயே தீர வேண்டும். அந்தக் காற்றாலைக் கூட்டத்தைக் கடக்கும் ஹெலிகாப்டரும் இறக்கைகளுக்கு மேலே இன்னும் ஓர் இடைவெளி விட்டாக வேண்டும்.

உயரத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு எப்படி உடைகிறது என்பதற்கு 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் நடந்த விபத்து சாட்சி. ரீகன் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானமும் இராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். ஹெலிகாப்டர் பாதைக்கு அங்கே உச்சவரம்பு 200 அடி. மோதியது ஏறத்தாழ 280 அடியில். அந்தப் பாதைக்கும் விமானம் இறங்கும் சரிவுக்கும் இடையே சில இடங்களில் 75 அடிதான் இடைவெளி இருந்தது என்று விசாரணை அமைப்பு கண்டது. தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவியின் சமிக்ஞையும் ஹெலிகாப்டரிலிருந்து வரவில்லை. அதில் ட்ரோன் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் தேர்ந்த விமானிகள், கோபுரத்தில் கட்டுப்பாட்டாளர், தரையில் ரேடார் எல்லாம் இருந்தும் அங்கே தோற்றது இதே வகை ஏற்பாடுதான்.

மோதல்கள் சொல்வது என்ன

ட்ரோன் ஆபத்து பற்றிய எழுத்தில் பெரும்பகுதி ‘பார்த்தேன்’ என்ற புகார்களை நம்பி எழுதப்படுகிறது. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிந்ததாக வந்த தகவல்களால் சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டு 1,40,000 பயணிகள் தவித்தனர். குற்றவாளி கடைசிவரை கிடைக்கவில்லை. வானில் தெரியும் ஒரு புள்ளி ட்ரோனா, பறவையா, பலூனா என்று விமானியால் பல நேரம் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே சேதம் பதிவாகி முறையாக ஆராயப்பட்ட மோதல்களை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவை சிலதான். ஆனால் அவற்றுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கிறது.

2017 செப்டம்பர் 21 மாலை, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு அருகே சுமார் 300 அடி உயரத்தில் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மீது ஒரு ஃபேண்டம் 4 ட்ரோன் மோதியது. ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்தையொட்டி அங்கே தற்காலிகப் பறப்புத் தடை இருந்தது. ட்ரோனை இயக்கியவர் இரண்டரை மைல் தள்ளி நின்றார். தடை பற்றி அவருக்குத் தெரியாது, கைப்பேசிச் செயலியே எல்லாவற்றையும் சொல்லும் என்று நம்பியிருந்தார். மோதல் நடந்ததே விசாரணை அதிகாரிகள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. சுழலி இறக்கையில் ஒன்றரை அங்குல நசுங்கல். ட்ரோனின் மோட்டாரும் ஒரு கையும் ஹெலிகாப்டருக்குள்ளேயே கிடைத்தன. 2019 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு மேலே ஒரு செய்தி ஹெலிகாப்டர் சுமார் 1,100 அடியில் ட்ரோனோடு மோதியது. 2020இல் கலிபோர்னியாப் பாலைவனத்தில் கார்ப் பந்தயத்தைப் படமெடுத்த ஹெலிகாப்டரும் ஒரு ட்ரோனும் மோதிக்கொண்டன. 2025 ஜனவரி 9 அன்று அதே மாநிலத்துப் பாலிசேட்ஸ் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த கனடாவின் தீயணைப்பு விமானத்தின் இறக்கையை ஒரு சிறு ட்ரோன் துளைத்தது. அந்த விமானம் பல நாள் தரையில் நிற்க நேர்ந்தது. இந்த நான்கிலும் உயிர் போகவில்லை.

நான்கில் ஒன்று உலகத் தலைவர்களின் கூட்டம், ஒன்று பந்தயம், ஒன்று தீ. பந்தயத்திலும் தீயிலும், ஆளுள்ள விமானத்தை எது அங்கே இழுத்து வந்ததோ அதுவே ட்ரோனையும் மேலே ஏற்றியது. சாதாரண நாளில் பல்லடத்துத் தென்னந்தோப்பில் பயிருக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே மருந்தடிக்கும் ட்ரோன் எந்த ஹெலிகாப்டரையும் சந்திக்கப் போவதில்லை. முகூர்த்த நாளில் மண்டபக் கூரைக்கு மேலே வட்டமிடும் கேமராவும் அப்படியே. வானத்தில் ட்ரோன்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று பொதுவாகக் கவலைப்படுவது இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. எண்ணிக்கையைவிட, எந்த நேரத்தில் எந்த இடத்தில் என்பதே கணக்கு.

மோதினால் என்ன ஆகும் என்பதிலும் தெளிவு தேவை. அமெரிக்காவின் ‘அஷ்யூர்’ ஆய்வுக் கூட்டமைப்பு 2017இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒரே எடையுள்ள பறவையைவிட ட்ரோன் கூடுதல் சேதம் செய்யும். பறவையின் உடல் மோதலில் நீர்போல் சிதறிவிடும். மோட்டார், பேட்டரி, கேமரா ஆகியவை கெட்டிப் பொருள்கள். எம்.ஐ-17 போன்ற பெரிய இயந்திரத்தின் 21 மீட்டர் விட்டமுள்ள பிரதான சுழலி ஒரு கிலோ ட்ரோனைத் தாங்கிக்கொள்ளக்கூடும். வால் சுழலி அவ்வளவு உறுதியானது அல்ல. அது போனால் இயந்திரம் தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். தாழ்ந்த உயரத்தில், ஏறக்குறைய நின்ற நிலையில் இது நேர்ந்தால் சமாளித்து இறங்க விமானிக்கு உயரமும் இல்லை, வேகமும் இல்லை.

விமானி பார்த்து விலகிக்கொள்ளலாமே என்பது பலர் கேட்கும் கேள்வி. ஒரு பொருளைக் கண்டு, அது மோத வருகிறது என்று உணர்ந்து, இயந்திரத்தைத் திருப்புவதற்கு 12.5 விநாடி தேவை என்பது அமெரிக்க விமானத்துறையின் வழிகாட்டுக் கணக்கு. 120 நாட் வேகத்தில் ஹெலிகாப்டர் விநாடிக்கு 62 மீட்டர் கடக்கும். ஆக ட்ரோன் 775 மீட்டர் தொலைவிலேயே கண்ணில் பட்டாக வேண்டும். 35 செ.மீ. அகலமுள்ள ட்ரோன் அவ்வளவு தொலைவில், பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் சட்டையின் பொத்தானில் பாதிகூடத் தெரியாது. அதுவும் அது எங்கே இருக்கிறது என்று முன்பே அறிந்து பார்த்தால்.

எது உண்மையான அச்சம்

ட்ரோன்தான் பெரிய ஆபத்து என்பதற்கு எதிராக வைக்க வேண்டிய சான்று கொங்கு வானிலேயே இருக்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர் 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து கிளம்பியது. வெலிங்டனில் 12.15க்கு இறங்க வேண்டும். 12.08 அளவில் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்ததில் 13 பேர் இறந்தனர். ஒரு வாரம் உயிருக்குப் போராடிய குரூப் கேப்டன் வருண் சிங்கோடு 14. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் மேகத்துக்குள் புகுந்து, விமானி திசையுணர்வு தடுமாறி, கட்டுப்பாட்டில் இருந்த இயந்திரமே நிலத்தில் மோதியது என்று 2022 ஜனவரியில் முப்படை விசாரணைக் குழு கூறியது. இயந்திரக் கோளாறு, சதி, அலட்சியம் மூன்றையும் அது விலக்கியது. 2024 டிசம்பரில் வெளியான நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கையில் அதே விபத்தின் காரணம் விமானக் குழுவினரின் மனிதத் தவறு என்று சில சொற்களில் பதிவாகியிருக்கிறது. இரண்டும் முரண்பட்டவை என்று நான் கருதவில்லை. ஆனால் முதல் வாசகத்தில் மேகமும் பள்ளத்தாக்கும் இருந்தன. இரண்டாவதில் மனிதர் மட்டும் எஞ்சினார்.

2009இல் நல்லமலைக் காட்டில் ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் விழுந்ததிலும் மோசமான வானிலைக்குப் பங்கு உண்டு. கேதார்நாத் வழித்தடத்தில் 2022 அக்டோபரிலும் 2025 ஜூனிலும் தலா ஏழு பேரைப் பலிகொண்ட விபத்துகள் மேகம் மூடிய மலையில் நடந்தவை. இந்தியாவில் ஹெலிகாப்டரை வீழ்த்துவது மலையும் மேகமும், சமவெளியில் மின்கம்பியும். கொங்கு மண்டலத்தில் 2018-19இல் விவசாயிகள் எதிர்த்துப் போராடிய உயர்மின் கோபுரங்கள் இன்று நிற்கின்றன. விளைநிலத்துக்கு அவை என்ன செய்தன என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. தாழப் பறக்கும் விமானிக்கு அந்தக் கம்பிகள் ட்ரோனைவிட நிச்சயமான ஆபத்து.

இதைச் சொல்லாமல் ட்ரோன் அபாயத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மலை நகர்வதில்லை. கம்பி வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். மேகத்துக்கு முன்னறிவிப்பு ஓரளவாவது கிடைக்கிறது. ட்ரோன் மட்டுமே, அரை மணி நேரம் முன்பு இல்லாத இடத்தில், யாரிடமும் சொல்லாமல் முளைக்கும் தடை.

தலைவருக்குத் தடை, தீக்கு?

2024 பிப்ரவரி 27 அன்று பிரதமர் மோடி சூலூரில் இறங்கி, ஹெலிகாப்டரில் பல்லடம் அருகே மாதப்பூர்ப் பொதுக்கூட்டத்துக்கு வந்தார். இத்தகைய வருகைகளின்போது மாவட்ட நிர்வாகம் ட்ரோன் பறக்கத் தடை விதிப்பதும், காவல்துறை மேடைப் பக்கத்து வீடியோகிராபர்களை முன்கூட்டியே எச்சரிப்பதும் வழக்கம். அந்த ஏற்பாடு வேலை செய்கிறது என்றே சொல்ல வேண்டும். நாள் தெரியும், இடம் தெரியும், ஆயிரக்கணக்கான காவலர்கள் தரையில் நிற்பார்கள்.

அதே ஆண்டு மார்ச்சில் குன்னூர் வனச்சரகத்தில் தீ பரவியபோது, எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர் பெரிய வாளியைத் தொங்கவிட்டு அணை நீரை முகந்து ஊற்றியது. 16,000 லிட்டருக்கு மேல் நீர் கொட்டியதாக விமானப்படை அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், ஆலாந்துறை அருகே நாதேகவுண்டன்புதூர் மலைக்காட்டுத் தீக்குச் சூலூர் ஹெலிகாப்டர் மலம்புழா அணையிலிருந்து நீர் எடுத்தது. 2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளம், 2024 ஜூலை வயநாட்டு நிலச்சரிவு ஆகியவற்றுக்கும் இதே தளத்திலிருந்துதான் உதவி போனது. இவை முன்னறிவிப்போடு வருவதில்லை. ஹெலிகாப்டர் வரும் செய்தியே மக்களைக் கூட்டும். எரியும் மலையையும் வாளி கட்டிய ஹெலிகாப்டரையும் மேலிருந்து எடுத்த காட்சிக்கு யூடியூபில் இருக்கும் மதிப்பு எல்லோரும் அறிந்தது. கயிற்றின் நுனியில் டன் கணக்கில் நீரோடு தொங்கும் வாளியைக் கவனித்து, புகைக்கு நடுவே மெதுவாக, மரங்களுக்குச் சற்று மேலே பறக்கும் அந்தத் தருணமே மேலே சொன்ன எல்லாப் பலவீனங்களும் ஒன்றுசேரும் இடம்.

ஆக, சற்றும் தெரியாமல் ட்ரோன் வந்துவிட வாய்ப்புக் குறைந்த பயணத்துக்கு மிகுந்த பாதுகாப்பும், வாய்ப்பு மிகுந்த பயணத்துக்குப் பாதுகாப்பே இல்லாத நிலையும் இன்று இருக்கின்றன.

இருக்கும் கருவிகள்

தீர்வு தொழில்நுட்பத்திலிருந்து வரும் என்பவர்கள் இரண்டைக் காட்டுகிறார்கள். ஒன்று, ட்ரோனே ஹெலிகாப்டரை அறிந்துகொள்வது. டி.ஜே.ஐ. நிறுவனம் 2020 முதல் 250 கிராமுக்கு மேற்பட்ட தன் புதிய ட்ரோன்களில், அருகில் வரும் விமானத்தின் ஒலிபரப்பைப் பிடித்து எச்சரிக்கும் வசதியைச் சேர்ப்பதாக அறிவித்தது. ஒலிபரப்பும் விமானத்துக்கு மட்டுமே அது பயன்படும். இராணுவ ஹெலிகாப்டர்கள் பல நேரம் ஒலிபரப்புவதில்லை. சூலூரை அண்டிய ஊர்களுக்கு இதனால் கிடைக்கும் பாதுகாப்பு சொற்பம். மற்றொன்று, ட்ரோன் தன் அடையாளத்தை ஒலிபரப்புவது. அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் இது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. இந்திய விதிகளில் அனுமதியின்றிக் கிளம்பாமை, நேரடித் தடங்காட்டி, எல்லைவேலி ஆகிய மூன்றையும் அரசு பின்னர் அறிவிக்கலாம், அறிவித்தால் ஆறு மாதமாவது அவகாசம் தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தரையில் நிலைமை வேறு. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஆனால் கல்யாண வீடுகளில் பறப்பவற்றில் வெளிநாட்டுத் தயாரிப்புகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. பழையவை பில் இல்லாமல் கைமாறுகின்றன. பதிவு எண் இல்லாத ட்ரோனை வைத்திருப்பவர், டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவராக இருக்க மாட்டார். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்று மிரட்டினால் அவர் இன்னும் ஒளிந்துகொள்வார். ஆகவே முழுத் தடை கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொழிலாகச் செய்பவரைப் பதிவுக்குள் இழுக்கும் வழி எளிதாக இருந்தால்தான், அவசர நேரத்தில் அவரைத் தேடிச் சொல்ல ஒரு பட்டியலாவது கையில் இருக்கும்.

2021 விதிகளிலேயே அதிகம் பேசப்படாத ஓர் அதிகாரம் இருக்கிறது. அவசரத் தேவை ஏற்பட்டால் மாநில அரசோ காவல்துறையோ ஒரு குறிப்பிட்ட பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி டிஜிட்டல் ஸ்கை வழியாக அதைச் செய்ய வேண்டும். பரப்பளவைத் தேவைக்கு மேல் விரிக்கக் கூடாது. தலைவர்கள் வருகைக்கென்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்திக் குறிப்பாக வெளியாகும் தடை நாளிதழ் படிப்பவரைத்தான் எட்டும். ஸ்டேட்டன் தீவு மனிதரைப் போலச் செயலியை நம்பிப் பறப்பவரை எட்ட, அறிவிப்பு அந்த வரைபடத்திலேயே ஏற வேண்டும். பதிவில்லாதவரை எட்ட, வீடியோகிராபர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களும் உள்ளூர்க் காவல் நிலையமும் வேண்டும். 96 மணி நேரம் ஒரு காட்டுத்தீக்குப் பெரும்பாலும் போதும். போதாவிட்டால் மறுபடி அறிவிக்கலாம்.

நீலகிரி, கோவை, திருப்பூர் மாவட்டங்களின் காட்டுத்தீக் காலம் ஜனவரியில் தொடங்கி மே வரை நீளும். அதற்கு முன்பே மூன்று மாவட்டக் காவல் அலுவலகங்களும் நீர் முகக்கும் அணைகளையும் வழக்கமாகத் தீப்பிடிக்கும் சரகங்களையும் குறித்து, அறிவிப்பு வாசகத்தைத் தயாராக எழுதி வைத்துக்கொள்ளலாம். விமானப்படையின் உதவியை மாவட்ட நிர்வாகம் கோரும் அதே நேரத்தில் எஸ்.பி. அலுவலகத்துக்கு இன்னோர் அழைப்பு போக வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.